மாப்பிள்ளைக்கு முதல் பந்தி

என் கணவர் என்னை 'நீர்' என்று அழைப்பார். பல வருடமாக எங்கள் வளவைக் காத்துவரும் செவலை நாயை 'அடியே' என்பார். வவுனியாவிலிருந்து வந்து இறங்கிய அல்சேஷனை மட்டும் 'நீங்கள்' என்றார். "வாங்கோ, உள்ளுக்க வாங்கோ, வெயிலுக்க நிக்காதேங்கோ" என்று அவர் படலையடியில் நின்று உபசரித்த குரலைக் கேட்டு, கல்விக் கந்தோரிலிருந்து யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தேன். வந்து பார்த்தால் நாலு கால், ஒரு வால், தொங்குகிற நாக்கு.

இதை மனம் எரிந்துதான் எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

நாங்கள் இருப்பது விசுவமடுவில். இவர் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கல்யாணம் முடித்துத் தூர இடங்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது கொஞ்சக் கச்சான் தோட்டம், சில பப்பாசி மரங்கள், கோழிகள், இவர், நான், செவலை. கச்சான் என்றால் நிலக்கடலை. குரங்கும் பன்றியும் மயிலும் அதைத் தங்கள் பரம்பரைச் சொத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றது செவலை ஒருத்திதான்.

இவரின் அக்கா கனடாவில் இருக்கிறார். எனக்கு மச்சாள். ஒருநாள் வீடியோவில் கதைக்கும்போது, "உந்தப் பெரிய காணிக்கு நல்ல நாய் ஒண்டு இல்லாம எப்பிடியடா இருக்கிறியள்?" என்று கேட்டார். செவலை அந்த நேரம் இவரின் கதிரைக்குக் கீழேதான் படுத்திருந்தாள். அவளுடைய வால் படத்தில் விழுந்திருக்கும். "எங்களிட்ட நாய் இருக்கு அக்கா" என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் போகும்? இவர் சொல்லவில்லை. "ஓம் அக்கா, நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றார். யோசித்தாராம்! கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சாளின் சிநேகிதி ஒருவர் வவுனியாவில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டுக்குப் போகத் தயாராக இருந்தார். அவர் வளர்த்த அல்சேஷனுக்கு வயது ஒன்றுகூட ஆகியிருக்காது, அதை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார். கனடாவிலிருந்து நாலு போன் பேசினார்கள், காரியம் முடிந்தது. "வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறன். வந்து அவனைப் பாக்கவேணும், நல்லா வைச்சிருங்கோ" என்றார் மச்சாள். பொங்கலுக்கு வருகிற மனிதர் அம்மனைப் பார்க்கத்தானே வரவேண்டும்? சரி, பெரிய இடத்துக் கதை எங்களுக்கு எதற்கு.

அதற்கு ஏற்கெனவே ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் எழுதமாட்டேன். அந்தப் பெயரில் எங்காவது ஒரு பிரபு இருந்தால் அவர் மனம் நோகும். எங்கள் பக்கத்துக் காணியில் இருப்பவள், மலையகத்திலிருந்து வந்து இங்கேயே தோட்டம் செய்து ஊன்றிப்போன குடும்பம், வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தாள். மினுங்குகிற உடம்பு, கழுத்தில் பட்டி, இவர் பக்கத்தில் நின்று விசிறுகிறார். "என்னங்கக்கா, காவலுக்குக் கொண்டாந்தீங்களா, கல்யாணத்துக்குக் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவர் மாப்பிள்ளை.

வந்த அன்று மத்தியானம் வழக்கம்போல் செவலையின் சட்டியில் சோறு போடப் போனேன். இவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இஞ்சேரும், என்ன வேலை செய்யிறீர்? வந்தவருக்கு முதல் வையும்."

"இது நாயப்பா."

"நாயெண்டாலும் வீட்டுக்கு வந்தது. வந்த முதல் நாளே மற்றது தின்னுறதைப் பாத்துக்கொண்டு நிக்கவிடுறதே? எங்கட வீட்டில அப்பிடி ஒரு பழக்கம் இல்லை."

உண்மைதான், இல்லை. எங்கள் பக்கத்தில் வந்தவருக்குப் போடாமல் வீட்டார் கை நனைப்பதில்லை. போரில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்த நாட்களில்கூட, இருந்த கஞ்சியில் முதல் சிரட்டை வந்தவருக்குத்தான் போனது. அந்தப் பழக்கத்தில் எனக்கும் பெருமை உண்டு. வந்தவருக்குப் பிறகு ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது சமைத்தவள். இதையும் எல்லோரும் பெருமையாகத்தான் சொல்வார்கள். அது போகட்டும். ஆனால் இந்தப் பந்தி வரிசையை நாய்க்கும் விரிக்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? படித்த மனிதருக்குத் தோன்றியது.

மாப்பிள்ளைக்கு முதலில் வைத்தேன். அவர் மூக்கைத் தாழ்த்தியதுதான் தெரியும். செவலை எழும்பி வந்த வேகத்தை அதற்கு முதல் பன்றிக்கு முன்னால்தான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையின் காது கிழிந்தது. ஐயோ என்று குழறிக்கொண்டு ஓடி மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் ஒளித்தார். அவ்வளவு பெரிய உடம்பில் பாதிகூட மறையவில்லை. இவர் செவலைக்கு ஈர்க்குக் கட்டால் நாலு போட்டு, வேப்பமரத்தில் கட்டினார். நான் மாப்பிள்ளையின் காதுக்கு மஞ்சள் வைத்தேன். அது நடுங்கிக்கொண்டே என் கையை நக்கியது. பாவம், அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கோபப்படவும் முடியாது, அவ்வளவு சாது. மயில் அகவினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். பாண், கேக் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் மூக்கை வானத்துக்குத் தூக்கிக் கூடவே பாடுவார். குரங்குகள் அவருடைய தராதரத்தை உடனேயே கண்டுபிடித்துவிட்டன. ஒரு கடுவன் கூரையில் ஏறியிருந்து பப்பாசியைத் தின்றுவிட்டுத் தோலை அவர் தலையில் போட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டினார். செவலை மரத்தில் கட்டுண்டபடி கிடந்து கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போனாள்.

இரண்டையும் பழக்கி எடுப்பேன் என்று இவர் இறங்கினார். எத்தனை வகுப்பை அடக்கிய கை! அலுமாரிக்குள் கிடந்த விளையாட்டுப்போட்டி விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டார். போனில் வெள்ளைக்காரர் நாய் பழக்குகிற படங்களைப் பார்த்தார். காலையில் முற்றத்தில் கூட்டம். மாப்பிள்ளைக்கு "சிட்", "ஸ்டே", "நோ" என்று ஆங்கில மூலம் வகுப்பு. செவலைக்கு ஆங்கிலம் ஓடாது என்று முதல் நாளே தீர்மானித்து, "அடியே, சீ, போ" என்று தமிழ் மூலம். விசில் ஊதினால் செவலை கோழிக்கூட்டுக்குக் கீழே புகுந்துவிடுவாள். மாப்பிள்ளை பாண் ஓட்டோ வந்துவிட்டது என்று நினைத்துப் பாடத் தொடங்குவார். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். இவர் அதைக் காதில் வாங்காமல் திரும்பவும் ஊதுவார்.

சாப்பாட்டு நேரம் வந்தால் திரும்பவும் அதே கூத்து. "வந்தவருக்கு முதல் வையும்." வைப்பேன். செவலை பாய்வாள். அவளுக்குக் கயிறு, மாப்பிள்ளைக்கு ஆறுதலாகப் பிஸ்கட். சண்டை நடந்தால் கயிறு வரும் என்று ஒருத்தியும், சண்டை நடந்தால் பிஸ்கட் வரும் என்று மற்றவரும் நன்றாகப் படித்துக்கொண்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெறுபேறு அவ்வளவுதான்.

ஒருநாள் சண்டையை விலக்கப்போய் இவரின் சாரம் கிழிந்தது. சாரத்தோடு மானமும் கொஞ்சம் போனது, பக்கத்துக் காணிக்காரி அப்போதும் வேலியில்தான் நின்றாள். அன்று மத்தியானம் தீர்ப்புச் சொன்னார்.

"அக்கா வரேக்க இந்தக் கூத்து நடக்கக்கூடாது. பொங்கல் முடிய, தம்பி நாயாத்திலயிருந்து மீன் கொண்டு வருவான். அதுக்கிடையில உவள் அடங்காட்டி, அந்த வாகனத்திலயே ஏத்திவிடுறன். வாடியில மீன் தின்னுக்கொண்டு கிடக்கட்டும்."

"அவள் இந்த வீட்டு நாய்," என்றேன்.

"ரெண்டில ஒண்டைத்தானே வைச்சிருக்கலாம்? அக்கா தந்ததை அனுப்பேலுமே?"

நாயாற்றில் இவரின் தம்பிக்கு வாடி இருக்கிறது. வாடி என்றால் கடற்கரையில் பருவத்துக்குப் போடுகிற மீன்பிடிக் கொட்டில். பருவம் முடிந்தால் தடியையும் கிடுகையும் கழற்றி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நாய்களை ஏற்றுவதில்லை. நான் அந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். கொட்டில் நின்ற இடத்தில், வாசல் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு, விலா எண்ணக்கூடியதாகக் குந்தியிருக்கும். யாராவது மோட்டார்சைக்கிளில் போனால் எழும்பிக் கொஞ்சத் தூரம் ஓடிவரும், பிறகு திரும்பிப்போய் அதே மணலில் இருக்கும். செவலையை அங்கே நினைத்துப் பார்த்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு அவள் வேண்டும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. இவர் ஓய்வு பெற்றும் ஓயாத மனிதர், கூட்டம், சங்கம் என்று போய்விடுவார். நாள் முழுக்க நான் கதைப்பது செவலையோடுதான். ஒருமுறை பிடுங்கிக் குவித்த கச்சான் செடியை அள்ளப் போனபோது என் சட்டையைக் கடித்துப் பின்னால் இழுத்தாள். நல்ல சட்டையைக் கிழிக்கிறாளே என்று மண்ணாங்கட்டியால் எறிந்தேன். பிறகு தடியால் கிளறிப் பார்த்தால் குவியலுக்குக் கீழே தடித்த புடையன் பாம்பு. அவள் நன்றி எதுவும் எதிர்பார்க்காமல் உண்ணி சொறிந்துகொண்டிருந்தாள். அவளை எழுப்பி அனுப்பிவிட்டுப் பிறகு வந்தவருக்குப் பாய் விரிப்பதா? இருந்தவரைக் கிளப்புகிற கதையை வன்னியில் இருக்கிற நாங்கள் கேட்காததா? என் முற்றத்திலேயே அதை நடத்த விடுவேனா?

வீம்பு இருந்தது, வழி தெரியவில்லை. வழி தற்செயலாகத்தான் அகப்பட்டது. இவர் ஏதோ கூட்டத்துக்குக் கிளிநொச்சிக்குப் போன நாள். முற்றத்தில் கச்சான் காய்கிறது, மேற்கே மழை கறுத்துக்கொண்டு வருகிறது. அள்ளி உள்ளே போடவேண்டும், நாய்களுக்கும் வைக்கவேண்டும். குசினி வாசலில் செவலை என் காலுக்குள் நின்றாள். மரியாதை பார்க்க எனக்கு அவகாசம் இல்லை. கைக்கு எட்டினவளுக்கு முதலில் கொட்டிவிட்டு, மற்றச் சட்டியை மாப்பிள்ளைக்குத் தள்ளிவிட்டு, கச்சானை அள்ள ஓடினேன். சாக்கைக் கட்டி நிமிர்ந்த பிறகுதான் நினைவு வந்தது. இவர் இல்லாத நேரத்தில் இரண்டும் கிழிபட்டால் யார் விலக்குவது?

சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தங்கள் தங்கள் சட்டியை நக்கிக்கொண்டிருந்தன. செவலை தன்னுடையதை முடித்துவிட்டு, மாப்பிள்ளையின் சட்டியை ஒருதரம் மணந்து பார்த்து, போய்ப் படுத்துவிட்டாள். அடக் கடவுளே என்று சாக்கின்மேல் இருந்துவிட்டேன்.

பின்னேரம் இவர் வந்தார், மாப்பிள்ளைக்கு முதலில் வைத்தார், சண்டை வந்தது. அடுத்த நாள் இவர் குளிக்கப் போன நேரம் பார்த்துச் செவலைக்கு முதலில் வைத்தேன், சண்டை வரவில்லை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் கூடுதலாக ஒரு கவளமும் கேட்கவில்லை. தனக்கு முன்னால் வைப்பதைத்தான் பொறுக்கவில்லை. இந்த முற்றத்தில் முதலில் இருந்தவள் நான், வந்தவர் எனக்குப் பின்னால் தின்னட்டும், அதோடு கதை முடிந்தது என்பதுதான் அவளுடைய நியாயம். மாப்பிள்ளைக்கோ முதல் பந்தியில் விருப்பமே இருந்ததில்லை. சட்டி முன்னால் வந்ததும் அது செவலையைத்தான் பார்த்து நடுங்கும். அதைப் பிடித்து இழுத்து மணவறையில் இருத்தியது இவர்தான்.

இதை இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பெரிய வகுப்பு எடுத்தார். "உமக்கு நாயின்ர மனம் விளங்கிட்டுதோ? வந்ததை ரெண்டாவதா வைச்சா சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம்? குரங்குச் சனமோ?"

"விசர்க்கதை கதையாதேயும்," என்று விசிலைத் தூக்கிக்கொண்டு போனார்.

சரி, இனி இவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டேன். ஒரு தந்திரம் செய்தேன். "அக்கா வரமுதல் வீட்டுக்கு வெள்ளை அடிக்கவேணும், கிணத்துக்கட்டுப் பூசவேணும். நாய்க்குச் சோறு வைக்கிறது உங்கட தகுதிக்கு ஒரு வேலையே? அதை நான் பாக்கிறன்" என்றேன். தகுதி என்ற சொல் எப்போதும் இவரிடம் வேலை செய்யும். அன்றிலிருந்து சட்டி என் கையில்.

நான் விசில் ஊதவில்லை, படம் பார்க்கவில்லை. தேங்காய்ச் சொட்டுகளைச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தேன், இரண்டுக்கும் அதில் உயிர். எதுவானாலும் செவலைக்கு முதல். கதவு திறந்தால் அவள் முதல் போகவேண்டும், கூப்பிட்டால் அவள் பெயர் முதல், தலையைத் தடவினாலும் அவளுக்கு முதல். மாப்பிள்ளையிடம் "இருங்கோ" என்பேன். இவர் பழக்கிவிட்ட மரியாதையை நான் ஏன் குறைக்கவேண்டும்? முதலில் விளங்கவில்லை, முதுகை அமத்தி இருத்தி, இருந்ததும் ஒரு சொட்டுக் கொடுப்பேன். செவலை தின்னத் தொடங்கியதும் "சாப்பிடுங்கோ" என்பேன். கெட்டிக்காரப் பிள்ளை, கெதியாகப் பிடித்துக்கொண்டது. பிறகு முன்னால் சட்டி இருந்தாலும் செவலை வாய் வைக்கும்வரை தொடாது. செவலையின் கயிற்றை அவிழ்த்துப் பரணில் போட்டேன். அவள் வேலி நீளத்துக்கு ஓடிக் குரங்குகளுக்குப் பழைய கணக்கைத் தீர்த்தாள். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி, எதற்கு என்று தெரியாமல் தானும் குரைத்தார். இவர் ஏணியில் நின்று வெள்ளை அடித்தபடி பார்த்து, "விசிலுக்குப் பலன் கிடைச்சிருக்குப் பாத்தீரோ?" என்றார். நான் சீலைத் தலைப்பின் முடிச்சை இறுக்கினேன்.

ஆனால் நாயாற்றுக் கதையை இவர் கைவிடவும் இல்லை. "இப்ப அடங்கினமாதிரி இருக்கு. அக்காவுக்கு முன்னால பாய்ஞ்சாளெண்டா? தம்பிக்குச் சொன்னது சொன்னதுதான்" என்றார். மச்சாள் வந்தார். பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய் நேர்த்தி முடித்தோம். விரதம் என்று வீட்டுக்குள் மீன், இறைச்சி வரவில்லை. நாய்களும் எங்களோடு சேர்ந்து பருப்பும் சோறும் தின்று முகம் சுருங்கிப்போய் இருந்தன.

மச்சாள் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார். பக்கத்தில் வந்து மணந்த செவலையைக் காலால் மெல்லத் தள்ளி, "இது ஆரின்ர நாய்? தெருநாயே?" என்று கேட்டார்.

"அது இஞ்ச சும்மா நிண்டது அக்கா. தம்பியோட போகப்போகுது," என்றார் இவர்.

சும்மா நின்றதாம். எனக்குக் கையில் இருந்த அகப்பையை வீசவேண்டும்போல் இருந்தது.

பொங்கல் முடிந்து தம்பி வந்தான். சின்ன லொறி நிறைய மீன் பெட்டி, எங்களுக்குப் பெரிய பாரைகள். லொறியின் பின்பக்கத்தில் கயிறு ஒன்றும் சுருட்டிக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தேன், கண் அங்கேயே போனது. பாரை மீனை வெட்டிக் குழம்பு வைத்தேன். பாரைத் தலை என்றால் இந்த வீட்டில் இவருக்கு, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மச்சாளுக்கு முதல் போட்டேன், பிறகு தம்பிக்கு, பிறகு இவருக்கு. நான் அகப்பையோடு நின்றேன். "கறி வலுதிறம்" என்று மூன்று பேரும் சொன்னார்கள். நீ சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அந்த நேரம் பசி தெரியவில்லை, காது முழுக்க லொறிப் பக்கம்தான்.

கை கழுவியதும் இவர் விசிலை எடுத்து மாட்டினார்.

"அக்கா, முத்தத்துக்கு வாங்கோ. பழக்கின பழக்கத்தைக் காட்டுறன்."

"இஞ்சேருங்கோ, நான் வைக்கிறன், நீங்கள் வையாதேங்கோ," என்று பின்னால் ஓடினேன்.

"நீர் பேசாம நில்லும்," என்று சட்டியை என் கையிலிருந்து வாங்கி, மிஞ்சியிருந்த ஒரு பாரைத் தலையைச் சோற்றுக்கு மேலே வைத்து, நேரே மாப்பிள்ளைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். அக்கா பார்த்துக்கொண்டிருக்க வந்தவருக்குத்தானே முதல் வைக்கவேண்டும்? அத்தனை நாள் பருப்பில் கிடந்த நாய்களுக்கு முன்னால் மீன் தலை! செவலை குசினி வாசலில் எழும்பி நின்றாள். முதுகு மயிர் சிலிர்த்தது. தம்பி கயிற்றை எடுக்க லொறிப் பக்கம் நடந்தான். அம்மாளாச்சி, பாய்ந்துவிடாதே மகளே என்று வாய்க்குள் சொன்னேன். பாய்ந்தால் அதோடு சரி, நாயாற்று மணல்தான்.

இவர் விசிலை ஊதினார். "ஈட்!" என்றார்.

மாப்பிள்ளை குந்தி இருந்தது. வாயிலிருந்து வீணி நூலாக வடிந்து காலில் விழுந்தது. மீனைப் பார்த்தது, தொடவில்லை.

"ஈட்! ஈட்!" இவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாப்பிள்ளை திரும்பிச் செவலையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்து, "இருங்கோ" என்றேன். அது அசையவில்லை.

செவலை மெல்ல நடந்து வந்தாள். மயிர் படியத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் மூக்கை ஒருதரம் மணந்தாள். சட்டியிலிருந்து மீன் தலையைக் கவ்வி எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் முருங்கைமரத்தடிக்குப் போய்ப் படுத்துத் தின்னத் தொடங்கினாள். "சாப்பிடுங்கோ" என்றேன். மாப்பிள்ளை குனிந்து சோற்றைத் தின்றது.

முதலில் மச்சாள்தான் கையைத் தட்டினார். "அட! என்னவொரு மரியாதை! பெரியவைக்கு விட்டுக் குடுத்திட்டுத் தின்னுது. கனடாவிலயும் நான் இப்பிடிக் காணேல்லை. ஆர் பழக்கினது?"

இவர் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்கவில்லை. "பழக்கம் எண்டுறது ஒரு நாளில வாறேல்லை அக்கா. பொறுமை வேணும்," என்றார்.

"அப்ப அண்ணை, எந்த நாயை நான் ஏத்துறது?" என்று தம்பி கயிற்றோடு நின்றான்.

"ஒண்டையும் ஏத்தத் தேவையில்லை. ரெண்டும் எவ்வளவு ஒற்றுமையா நிக்குதுகள், கண் தெரியேல்லையே? நீ கெதியாப் போ, மீன் பழுதாப்போம்."

தம்பி கயிற்றை லொறிக்குள் எறிந்துவிட்டுப் போனான். லொறி படலையைத் தாண்டுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குசினிக்குள் போய்ச் சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். பேரும் புகழும் இவரே எடுக்கட்டும். மாலை போட்டு ஊர்வலமும் வரட்டும். என்ர பிள்ளை என்னோடு நின்றுவிட்டாள், எனக்கு அது போதும்.

அழுது முடித்துச் சட்டியைத் திறந்தேன். ஒரு வால் துண்டும் அடிக் குழம்பும் கிடந்தன. எப்போதும் கிடப்பதுதான். ஆனால் அன்று அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். செவலை கேட்டு வாங்கிவிட்டாள். நான் எப்போது கேட்டேன்?

அடுத்த நாள் மச்சாள் வவுனியாவுக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போய்விட்டார். குளிர்ப்பெட்டியில் மிச்சம் வைத்திருந்த பாரையைச் சமைத்தேன். செவலைக்கு வைத்தேன், மாப்பிள்ளைக்கு வைத்தேன். பிறகு ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு, தலையை அதன்மேல் வைத்து, குழம்பை ஊற்றி, மேசைக்குப் போய் மின்விசிறிக்கு நேரே இருக்கிற கதிரையில் இருந்தேன். அது இவரின் கதிரை. செவலை வந்து என் காலடியில் படுத்தாள். மாப்பிள்ளை வாசலில் குந்தியிருந்து பார்த்தது.

இவர் கை கழுவிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், தட்டில் இருந்த தலையைப் பார்த்தார். கை கழுத்தடிக்குப் போய் விசிலைத் தேடியது, அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மீன் கன்னத்துச் சதையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கதிரையைக் காட்டினேன்.

"இருங்கோ," என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இருந்தார். மாப்பிள்ளை அளவுக்குக் கெதி இல்லை, ஆனால் பழகிவிடுவார்.